எண்ணெய்க்கடை முதலாளி முகர்ந்து பார்த்த கியர் ஆயில்

போன மாதம் எங்கள் மெக்கானிக் சங்கக் கூட்டத்தில் ஒரு சின்னத் தகராறு. திண்டிவனம் சாலையில் பட்டறை வைத்திருக்கும் ஒருவர், தன்னிடம் வந்திருக்கும் வேகக் காரின் கியர் பாக்ஸுக்கு எந்த ஆயில் ஊற்றுவது என்று கேட்டுவிட்டார். டப்பாவில் ஜிஎல் நாலு என்று போட்டிருப்பதா, ஜிஎல் ஐந்து என்று போட்டிருப்பதா? ஐந்து பெரிய எண், அதனால் அதுதான் உசத்தி என்று பாதிப் பேர் சொன்னார்கள். மீதிப் பேர் போனை எடுத்துத் தேடினார்கள். ஆளுக்கொரு போன், போனுக்கொரு பதில். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஏன் சிரிக்கிறீர்கள் என்று கேட்டார்கள். சொல்ல ஆரம்பித்தால் எல்லோருடைய டீயும் ஆறிவிடும், எழுதித் தருகிறேன் என்றேன். சங்க மலருக்குப் பக்கம் போதவில்லை என்று தவித்துக்கொண்டிருந்த செயலாளர் அப்படியே என்னைப் பிடித்துக்கொண்டார்.

என் சொந்த ஊர் சிங்கவரம். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தேன், அது என்னைத் தேற விடவில்லை. அங்கிருந்து சைக்கிள் மிதித்து செஞ்சியில் ஒரு பஸ் கம்பெனி ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் வருஷம் வண்டி கழுவினேன். இரண்டாம் வருஷம் கிரீஸ் அடித்தேன். மூன்றாம் வருஷம் பிரேக்கில் கை வைக்க விட்டார்கள். அறுபதுகளின் நடுவில், இந்தக் கதை நடந்தபோது, எனக்கு இருபத்து மூன்று வயது. கியர் பாக்ஸைத் தனியாக இறக்கி ஏற்றுவேன், அந்தத் திமிரும் கொஞ்சம் இருந்தது.

எங்கள் ஷெட்டுக்குத் தலைமை மெக்கானிக் தேவசகாயம் மேஸ்திரி. யுத்த காலத்தில் பட்டாளத்து லாரிகளைப் பார்த்தவர். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. ஒரு விஷயத்தில் முடிவு சொல்வதற்கு முன்னால் கையைப் பழந்துணியில் துடைப்பார். ஒவ்வொரு விரலாகத் துடைத்து முடித்த பிறகுதான் வாயைத் திறப்பார். அதற்குள் நமக்கு உயிர் போய் உயிர் வரும்.

கியர் பாக்ஸ் ஆயிலை இறக்குவதற்கு அவர் வைத்திருந்த முறையை நான் வேறு எங்கும் பார்க்கவில்லை. வண்டி நாலு மைலாவது ஓடி எண்ணெய் சூடாக இருக்கும்போதே அடித் திருகைக் கழற்ற வேண்டும். ஆறவிட்டால் அழுக்கெல்லாம் உள்ளேயே படிந்துவிடும். நீலக் கரை போட்ட வெள்ளை எனாமல் தட்டு ஒன்று இதற்கென்றே இருந்தது. கடைசியாக வடிகிற ஒரு கரண்டி எண்ணெயை மட்டும் அதில் பிடித்து, வெயிலுக்குக் கொண்டுபோய், தட்டை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்ப்பார். மினுமினுப்பு தெரிந்தால் பழைய ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தைத் தட்டுக்கு அடியில் பிடித்து நகர்த்துவார். தூள் காந்தத்தோடு நகர்ந்தால் இரும்பு, பல்லோ பேரிங்கோ தேய்கிறது. நகராமல் மஞ்சளாக நின்றால் பித்தளை. பஸ்ஸில் பித்தளை வந்து நான் பார்த்ததே இல்லை, ஏனென்றால் எங்கள் பஸ் கியர் பாக்ஸ்களுக்குள் பித்தளைக்கு வேலையே இல்லை.

ஷெட்டின் மூலையில் ஒரு பீப்பாய் நிற்கும். தார் மாதிரி கெட்டியான எண்ணெய். பின் அச்சில் இருக்கும் கிரவுன் பல்லுக்கென்று வந்தது அது. ஆனால் எங்கள் ஷெட்டில் கிரவுனுக்கும் அதுதான், கியர் பாக்ஸுக்கும் அதுதான். கல்லும் மேடுமான ரோட்டில், பாறை கொதிக்கிற வெயிலில் ஓடுகிற பஸ்களுக்கு அந்த எண்ணெய் ஒரு குறையும் வைக்கவில்லை. எண்ணெய் எவ்வளவு கெட்டியோ அவ்வளவு காவல் என்பது மேஸ்திரியின் கட்சி. நாங்கள் எல்லோரும் அதே கட்சிதான்.

இந்த ஷெட்டுக்குள்தான் ஒருநாள் கோதண்டம் தன் காரை ஓட்டிக்கொண்டு வந்தார். கடைத்தெருவில், எங்கள் பக்கம் மணிலா என்று சொல்லும் நிலக்கடலைக்கு, எண்ணெய்க் கடையும் ஆலையும் வைத்திருந்த ரங்கசாமி முதலாளியின் ஒரே மகன். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். பாண்டிச்சேரியில் ஒரு வெள்ளைக்காரர் ஊரைக் காலி செய்துகொண்டு போகும்போது அந்தக் காரை இவரிடம் தள்ளிவிட்டுப் போயிருந்தார். இரண்டு பேர் மட்டும் உட்காரும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், கூரை கிடையாது, சீமையில் செய்தது. கடைத்தெருவில் அது போனால் தராசுத் தட்டுகள் அப்படியே நிற்கும்.

ரங்கசாமி முதலாளிக்கு அந்தக் கார் கண்ணில் விழுந்த தூசி. அவர் பக்கமும் நியாயம் இருந்தது. ஏற்கெனவே இரண்டு முறை கார் வழியில் நின்றுபோயிற்று. ஒருமுறை பெட்ரோல் பம்பு, ஒருமுறை ஏதோ ஒயர். இரண்டாவது முறை அவலூர்பேட்டைச் சந்தையிலிருந்து மணிலா மூட்டை ஏற்றிவந்த மாட்டு வண்டியின் பின்னால் கயிறு கட்டி இழுத்துவந்தார்கள். முன்னால் மாடு, நடுவில் மூட்டை, கடைசியில் சிவப்புக் கார், அதில் கூலிங் கிளாஸோடு கோதண்டம். ஊர் ஒரு வாரம் சிரித்தது.

இந்த நிலையில், மெட்ராஸுக்குப் பக்கத்தில் பழைய விமானத் தளத்தில் நடக்கும் கார் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்து நின்றார் கோதண்டம். அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். பந்தயத்தில் ஜெயிக்கிறாயோ தோற்கிறாயோ, எனக்குத் தெரியாது. கார் தன் காலில் ஓடி வீடு வந்து சேர்ந்தால் வைத்துக்கொள். இந்த முறையும் கயிற்றில் வந்தால் மறுநாளே விற்றுவிட வேண்டும், அப்புறம் அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது. கோதண்டம் ஒத்துக்கொண்டுவிட்டார். பந்தயத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. அப்பாவும் எங்கள் பஸ் முதலாளியும் பழக்கம் என்பதால் கார் எங்கள் ஷெட்டுக்கு வந்தது.

எல்லா எண்ணெயையும் மாற்று என்று மேஸ்திரி என்னிடம் சொன்னார். காரோடு ஒரு சின்னக் கைப்புத்தகம் இருந்தது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். கிரவுனுக்கு நம் பீப்பாய் மாதிரிக் கெட்டி எண்ணெய்தான் போட்டிருந்தது. ஆனால் கியர் பாக்ஸுக்கு எஞ்சின் ஆயில், அதுவும் முப்பதாம் நம்பர் என்று இருந்தது. முப்பது என்றால் மெல்லியது, தண்ணீராக ஓடும். நான் புத்தகத்தை மேஸ்திரியிடம் காட்டினேன். அவர் கையைத் துடைத்தார். ஐந்து விரலும் முடிந்தது.

"இது சீமைக் குளிருக்கு எழுதின புஸ்தகம்பா. அங்க கெட்டி எண்ணெ ஊத்தினா உறைஞ்சு போவும். நம்ம ஊர் வெயிலு அவனுக்கு எங்க தெரியும்? பீப்பாயில இருந்தே ஊத்து."

எனக்கு அது சரியாகத்தான் பட்டது. முழுதும் சரியாகப் படவில்லை என்றும் சொல்ல வேண்டும். அந்தப் புத்தகத்தில் கியர் பாக்ஸுக்கு ஒன்று, கிரவுனுக்கு ஒன்று என்று தனித்தனியாக ஏன் மெனக்கெட்டு எழுதினான் என்று மனசுக்குள் ஒரு அரிப்பு. கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. புனலை வைத்துப் பீப்பாய் எண்ணெயை ஊற்றியவன் நான்தான்.

கோதண்டம் தினமும் விடியற்காலை திருவண்ணாமலை சாலையில் ஓட்டிப் பழகினார். மூன்றாம் நாள் வந்து, இரண்டாவது கியர் விழும்போது கர்ரென்று கத்துகிறது என்றார். மேஸ்திரி கிளட்சைச் சரி செய்தார். ஐந்தாம் நாள் மூன்றாவது கியரும் சேர்ந்து கத்தியது. ஏழாம் நாள் காலையில் கார் ஷெட்டுக்குள் நுழையும்போதே எங்கள் டிரைவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். சூடு ஆறுவதற்குள் எண்ணெயை இறக்கு என்றார் மேஸ்திரி. இறக்கி, கடைசிக் கரண்டியை வெள்ளைத் தட்டில் பிடித்து வெயிலுக்குக் கொண்டுபோனேன்.

தட்டு முழுக்கத் தங்கத் தூள். காந்தத்தை அடியில் பிடித்து நகர்த்தினேன். ஒரு துகள்கூட அசையவில்லை. பஸ் மாதிரி இல்லாமல் இந்தக் காரின் கியர் பாக்ஸுக்குள் பித்தளை வளையங்கள் இருந்தன. சுற்றுகிற இரண்டு பல்சக்கரங்களும் கடித்துக்கொள்வதற்கு முன்னால் இந்த வளையம் லேசாக உரசி, இரண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவரும். அதனால்தான் கார் ஓட்டுகிறவர் பஸ் டிரைவர் மாதிரி இரண்டு தரம் கிளட்ச் மிதிக்க வேண்டியதில்லை. அந்த வளையம்தான் தூளாகி என் தட்டில் மிதந்தது. புதிது வேண்டுமென்றால் சீமையிலிருந்து கப்பலில் வர வேண்டும். பந்தயத்துக்கு இருந்ததோ ஐந்து நாள்.

மேஸ்திரி தட்டை வாங்கி வெகுநேரம் பார்த்தார். இவ்வளவு கெட்டியாக ஊற்றியும் எப்படித் தேய்கிறது என்று அவருக்கு விளங்கவில்லை. பித்தளையே மட்டமாக இருக்கும் என்றார். இன்னும் கெட்டியாக ஏதாவது கிடைக்குமா என்றுகூட யோசித்தார். கோதண்டம் காரின் மேல் கையை வைத்தபடி நின்றார். பெரிய மனிதர் வீட்டுப் பிள்ளை, கண்ணில் தண்ணீர் வந்துவிடும் போல இருந்தது.

அந்த நேரம் பார்த்து ரங்கசாமி முதலாளி ஷெட்டுக்குள் வந்தார். கார் மறுபடி படுத்துவிட்டது என்று கடைத்தெருவில் அதற்குள் சேதி போயிருந்தது. வெள்ளை வேட்டி எண்ணெய்த் தரையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முகத்தில் ஒரு திருப்தியோடு வந்தார். கயிறு இருக்குதா, கடையிலிருந்து அனுப்பட்டுமா என்று மகனிடம் விசாரித்தார். அப்புறம் மேஸ்திரி கையில் இருந்த தட்டைப் பார்த்தார். எண்ணெய் என்று ஒன்றைக் கண்டால் சும்மா இருக்க முடியாத மனிதர். ஒரு விரலை நனைத்து, கட்டை விரலோடு சேர்த்துத் தேய்த்து, மூக்குக்குக் கொண்டுபோனார்.

அவர் முகம் மாறிவிட்டது. கிண்டல் எல்லாம் போய், கடையில் யாராவது கலப்பட எண்ணெய் கொண்டுவந்தால் வருமே, அந்த முகம் வந்தது. இந்த மஞ்சள் தூள் என்ன என்று கேட்டார். பித்தளை என்றேன்.

"மேஸ்திரி, இதுல கந்தகம் இருக்குது. பித்தளை இருக்கிற எடத்துல இதை யாரு ஊத்தச் சொன்னது?"

முதலாளியே விளக்கினார். மாட்டுக்குச் சொறி வந்தால் குடியானவர்கள் எண்ணெயில் கந்தகம் கலந்து பூசுவார்கள். அதை இவர் கடையில் சூடாகக் கலந்து கொடுப்பது வழக்கம். யாராவது அதற்குப் பித்தளைச் சொம்பைக் கொண்டுவந்தால் திருப்பி அனுப்பிவிடுவார், மண் சட்டி எடுத்துவா என்று. பித்தளையில் ஊற்றினால் சொம்பு கறுத்துப்போகும், அப்புறம் தேய்க்கத் தேய்க்கச் செதில் வரும், வீட்டில் இருக்கும் பொம்பளைங்க வந்து சண்டை பிடிப்பாங்க என்றார்.

மேஸ்திரிக்கு நம்ப முடியவில்லை. நாமே பார்த்துவிடலாம் என்று முதலாளி கடைக்கு ஆள் அனுப்பிப் பித்தளை உழக்கு இரண்டு வரவழைத்தார். புளி போட்டுத் துலக்கிப் பளபளவென்று இருந்தன. நான் ஸ்டவ்வைப் பற்றவைத்து, ஒரு தகரத்தில் பீப்பாய் எண்ணெயையும் இன்னொன்றில் எஞ்சின் ஆயிலையும் மாற்றி மாற்றிக் காயவைத்து, தகரத்துக்கு ஒரு உழக்காகப் போட்டேன். கொதிக்க விடக் கூடாது, கையில் தெறித்தால் சுடும் அளவுக்குச் சூடு இருந்தால் போதும் என்று முதலாளி பக்கத்தில் நின்று பக்குவம் சொன்னார். ஒரு மணி நேரம் கழித்து இடுக்கியால் இரண்டையும் எடுத்தோம். எஞ்சின் ஆயிலில் கிடந்தது போட்டபடியே இருந்தது. பீப்பாய் எண்ணெயில் கிடந்தது அடுப்புக் கரி நிறத்துக்கு மாறியிருந்தது.

கிரவுன் பல் ஒன்றையொன்று அழுத்தித் தேய்க்கும். அந்த அழுத்தத்தைத் தாங்கத்தான் அந்த எண்ணெயில் கந்தகம் கலக்கிறார்கள் என்பதைப் பின்னால்தான் நான் தெரிந்துகொண்டேன். இரும்புக்கு அது கவசம், சூடான பித்தளைக்கு விஷம். போதாக்குறைக்கு அந்த வழுவழுப்பில் வளையம் உரச முடியாமல் வழுக்கி, பல் மோதிக் கத்தியிருக்கிறது. அதாவது வண்டி முதல் நாளிலிருந்தே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தது, நாங்கள் கிளட்சைத் திருகிக்கொண்டிருந்தோம்.

மேஸ்திரி பழந்துணியை எடுத்தார். நான் விரல்களை எண்ணினேன். இந்த முறை இரண்டு கையையும் துடைத்தார். பஸ் டிரைவர்கள், கண்டக்டர்கள், கோதண்டம், முதலாளி, எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"தப்பு என்னுது. ஏழுமலை புஸ்தகத்தைக் காட்டினான், நான்தான் கேக்கல. வண்டி மேல ஒரு குத்தமும் இல்ல."

இருபது வருஷமாக அந்த ஷெட்டில் அவர் சொன்னதுதான் சட்டம். தன்னிடம் வேலை செய்கிற என் பெயரைச் சொல்லி, இத்தனை பேர் முன்னால் அவர் அப்படிச் சொன்னது எனக்குத் தாங்கவில்லை. சந்தேகம் வந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தவன் நான் என்பது எனக்கு மட்டும்தானே தெரியும். அன்று பட்ட வெட்கம் பிறகு எனக்கு நிறைய உதவியது. சந்தேகம் வந்தால் முதலாளியே ஆனாலும் இரண்டு தரம் கேட்டுவிடுவேன்.

முதலாளி கறுத்த உழக்கைக் கையில் வைத்துக்கொண்டு, அப்படியானால் எண்ணெயை மாற்றினால் வண்டி ஓடுமா என்று கேட்டார். ஓடும் என்றார் மேஸ்திரி. முதலாளிக்கு அப்போதுதான் தான் என்ன செய்துவிட்டோம் என்று உறைத்தது. மகனைப் பார்த்தார். மகன் முகம் பிரகாசமாக இருந்தது.

"தெரிஞ்சிருந்தா வாயைத் தொறந்திருக்கவே மாட்டேன்" என்றார்.

போய்விடுவார் என்று நினைத்தோம். போகவில்லை. மேஸ்திரியும் நானும் கியர் பாக்ஸை அலசியதை ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தார். மண்ணெண்ணெய் விட்டு அலசுவது மற்றவர்கள் வழக்கம். மூலையில் கொஞ்சம் தங்கினாலும் புது எண்ணெயை நீர்க்கச் செய்துவிடும் என்று மேஸ்திரி அதை விடமாட்டார். மெல்லிய எஞ்சின் ஆயிலையே ஊற்றி, பின் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, நாலு கியரிலும் மாற்றி மாற்றிப் பத்து நிமிஷம் சுற்றவிட்டு இறக்கினோம். தட்டில் மஞ்சள் தெரிந்தது. மறுபடி ஊற்றிச் சுற்றினோம். மூன்றாம் தடவைதான் தட்டு வெள்ளையாக இருந்தது.

இனி என்ன ஊற்றுவது? நான் இந்த முறை புத்தகத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு முப்பது என்றேன். மேஸ்திரி வெயில் என்ற தன் பிடியை விடவில்லை. பந்தயத்தில் சூடு இன்னும் ஏறும், நாற்பது இருந்தால் தேவலை என்றார். இருவரும் முதலாளியைப் பார்த்தோம். அவர் இரண்டு எண்ணெயையும் தனித்தனியாகக் காய்ச்சச் சொல்லி, கரண்டியில் மொண்டு ஒழுகவிட்டு, துளிகளை வாய்க்குள்ளேயே எண்ணினார். பிறகு ஆறிய முப்பதையும் அதே மாதிரி ஒழுகவிட்டார். ஆறியிருந்தால் முப்பதே போதும், சூட்டில் அது கரண்டியில் நிற்காமல் ஓடிவிடுகிறது, நாற்பதுதான் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்று தீர்ப்புச் சொன்னார். நாற்பதே ஊற்றினோம். மேஸ்திரி வெயிலைப் பற்றிச் சொன்னதும் முழுக்கத் தப்பில்லை என்று அன்றைக்கு ஆயிற்று. அதில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

சங்கத்து நண்பர்களுக்கு என் பதில் இவ்வளவுதான். ஐந்தில் அந்தக் கந்தகச் சரக்கு நாலைவிடக் கூடுதல், இன்றைய எண்ணெய்கள் அந்தக் காலம் போல முரடு இல்லைதான். ஆனாலும் நாலா ஐந்தா என்று கேட்பதற்கு முன்னால், பெட்டிக்குள் பித்தளை வளையம் இருக்கிறதா, கார் செய்தவன் என்ன எழுதியிருக்கிறான், நம் ஊர் சூட்டுக்கு அவன் எவ்வளவு இடம் கொடுத்திருக்கிறான், இந்த மூன்றையும் பாருங்கள். பெரிய எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

கோதண்டத்தின் காரில் தேய்ந்த வளையம் தேய்ந்ததுதான். நல்ல எண்ணெயில் மூன்றாவது கியர் சத்தமில்லாமல் விழுந்தது. இரண்டாவது பாதி நேரம் மக்கர் செய்தது. அதற்கு மேஸ்திரி வைத்தியம் சொன்னார். மீதி நாட்களில் கோதண்டத்தை எங்கள் பழைய பஸ் ஒன்றில் உட்காரவைத்து, டிரைவர்கள் செய்வது போல இரண்டு தரம் கிளட்ச் மிதித்து, நடுவில் ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி கியரை இறக்கப் பழக்கினார். கூலிங் கிளாஸைக் கழற்றிவைத்துவிட்டு அவரும் கற்றுக்கொண்டார். டிரைவர்களுக்குத் தலைகால் புரியவில்லை.

பந்தயத்துக்கு அவரோடு நான் போனேன். கூட்டத்தையும் சத்தத்தையும் பற்றி எழுத எனக்கு வராது. கார்கள் திரும்புகிற ஒரு குறுகிய வளைவுக்குப் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு சுற்றிலும் சிவப்புக் காரின் இரண்டாவது கியர் விழுகிற சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். பத்துச் சுற்று. ஒன்பது முறை சுத்தமாக விழுந்தது. ஒருமுறை கத்தியது, என் பல் கூசியது. பதினொரு காரில் நாலாவதாக வந்தார். இறங்கியதும் கியர் பாக்ஸ் மூடியில் கையை வைத்துப் பார்த்தேன். சூடுதான், ஆனால் கையை வைக்க முடிந்தது.

இனிதான் எங்களுக்கு உண்மையான பந்தயம், வீடு போய்ச் சேர வேண்டும். மறுநாள் காலை கிளம்பினோம். கோதண்டம் மாட்டு வண்டிக்குக்கூட வழி விட்டு, பிரசவத்துக்கு ஆள் ஏற்றிப் போகிறவர் மாதிரி ஓட்டினார். திண்டிவனம் ரயில்வே கேட்டில் நின்று கிளம்பும்போது இரண்டாவது கியர் விழவே மாட்டேன் என்றது. பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. அவர் என்னைப் பார்த்தார். நான் சாலையைப் பார்த்தேன். கிளட்ச், நியூட்ரல், ஒரு தட்டு, மறுபடி கிளட்ச். விழுந்தது. செஞ்சிக் கோட்டை கண்ணில் படும் வரை அவர் கியர் தண்டிலிருந்து கையை எடுக்கவில்லை.

கடைத்தெருவுக்குள் நுழைந்தபோது வெயில் உச்சியில் இருந்தது. எண்ணெய்க் கடை வாசலில் முதலாளி நின்றார், பக்கத்தில் தேவசகாயம் மேஸ்திரி. ஷெட்டை விட்டுப் பகலில் அவர் வெளியே வந்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். கார் தன் காலில் ஓடிவந்து, வாசலில் கியரை இறக்கி, நின்றது. கத்தவில்லை. மேஸ்திரி முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைத் துடைத்தார்.

"எத்தனாவது?" என்றார் முதலாளி.

"நாலாவது நைனா."

முதலாளி காரை ஒருமுறை சுற்றி வந்தார். சொன்ன சொல் சொன்னதுதான், கார் உன்னுது என்று சொல்வார் என்று நாங்கள் மூன்று பேரும் காத்துக்கொண்டு நின்றோம். அவர் குனிந்து காருக்கு அடியில் பார்த்தார், நிமிர்ந்தார், மகனிடம் நெருங்கிவந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"உனக்கு முன்னால போன மூணு பேரும் இன்னா எண்ணெ ஊத்தியிருந்தானுங்க, விசாரிச்சியா?"